ஊத்துக்குளி வெண்ணெயில் ஒரு ஜப்பானிய கேக்

ஜப்பானிய சீஸ்கேக், மாட்சா கேக், மில்க் பிரெட் என்ற பெயர்கள் பெருநகரக் கஃபேக்களின் விலைப்பட்டியலில் சில ஆண்டுகளாகவே பழகிப்போயிருக்கின்றன. கோவையும் இதற்கு விலக்கல்ல. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை வழியாக இவை பெருந்துறை போன்ற ஊர்களுக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்காது. சிப்காட் தொழிற்பேட்டை, 1984-இல் தொடங்கிய கொங்கு பொறியியல் கல்லூரி, அரசு மருத்துவக் கல்லூரி என்று வெளியூர் இளைஞர்கள் குவியும் ஊர் இது. ஒரு காபியும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார இடம் தேடுகிற பெண்களும் மாணவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நின்றபடி டீ குடித்துவிட்டு நகர வேண்டிய பேக்கரி வாசல் அவர்களுக்கு எப்போதுமே போதுமானதாக இருந்ததில்லை. ஆகவே இத்தகைய கஃபே வரும், வரட்டும். வரும்போது எதை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் இப்போதே யோசிக்க வேண்டும். மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியையும் பெயர்ப்பலகையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அது சில வருட மோகமாக முடியும். ஜப்பானியர் வேலை செய்யும் முறையை எடுத்துக்கொண்டு, பொருளை இந்த மண்ணிலிருந்தே எடுத்தால், தமிழ்நாட்டிலேயே நல்ல கேக் கிடைக்கும் ஊர்களில் ஒன்றாகப் பெருந்துறை ஆக முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை அடுக்கிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஜப்பானிய கேக் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஜப்பானில் பிறந்ததே அல்ல. 1543-இல் போர்த்துக்கீசியர் அந்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். அவர்களோடு போன முட்டை கேக் நாகசாகியில் தங்கி ‘கஸ்தெரா’ ஆனது. 1624-இல் தொடங்கிய ஃபுக்குசாயா என்ற கடை இன்றைக்கும் அதைச் செய்து விற்கிறது. வெண்ணெய் கிடையாது. முட்டை, சர்க்கரை, மாவு, தானியத்திலிருந்து காய்ச்சிய ஒரு பாகு, அவ்வளவுதான். அடியில் கரையாமல் நிற்கும் பருமனான சர்க்கரைப் பரல்கள் பல்லில் நறுக்கென்று கடிபடும். பால் பொருள்கள் அன்றாடச் சமையலில் இல்லாத நாட்டில், வெண்ணெய் இல்லாமலேயே மென்மையை எப்படிக் கொண்டுவருவது என்று தலைமுறை தலைமுறையாக மெனக்கெட்டதன் விளைவு அது. தங்களிடம் இல்லாததை நினைத்துக் குறைப்படாமல், இருப்பதை வைத்து அந்தப் பண்டத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இதே கதை மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. மெய்ஜி பேரரசர் காலத்தில் சாமுராய் பிழைப்புப் போய்விட்ட கிமுரா யசுபெய் என்பவர் 1869-இல் டோக்கியோவில் ஒரு பேக்கரி தொடங்கினார். மேல்நாட்டு ரொட்டி ஜப்பானியர் நாக்குக்கு ஒட்டவில்லை. அவர் ரொட்டியை விட்டுவிடவும் இல்லை, சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை. அரிசி மதுவுக்கான நொதியை வைத்து மாவைப் பொங்கவைத்தார். உள்ளே சிவப்புப் பயறும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த பூரணத்தை அடைத்தார். 1874-இல் அப்படிப் பிறந்ததுதான் ‘அன்பான்’. அடுத்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, நடுவில் உப்பிலிட்ட செர்ரிப் பூ ஒன்றை அழுத்தி அதைப் பேரரசருக்கே படைத்தார்கள். கிமுராயா இன்றும் டோக்கியோவின் கின்சா கடைவீதியில் இருக்கிறது. 1922-இல் ஃபுஜியா நிறுவனம் அமெரிக்க ஷார்ட்கேக்கை எடுத்து, அதன் மொறுமொறுப்பான அடித்தளத்தைத் தள்ளிவிட்டு, பஞ்சு கேக்கும் பால் கிரீமும் ஸ்ட்ராபெரியுமாக மாற்றியது. குளிர்பெட்டிகள் பரவியபின் அதுவே ஜப்பானின் கிறிஸ்துமஸ் கேக் ஆகிவிட்டது. முதல் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாகச் சிக்கிய கார்ல் யூக்ஹைம் என்ற ஜெர்மானியர், 1919-இல் ஹிரோஷிமாவில் நடந்த கைதிகளின் கண்காட்சியில் பௌம்கூக்கன் என்ற அடுக்குக் கேக்கைச் சுட்டு விற்றார். ஜெர்மனியைவிட இன்று ஜப்பானில்தான் அது அதிகமாகப் புழங்குகிறது என்று சொல்லும் அளவுக்கு அங்கே வேரூன்றிவிட்டது. அந்தக் கண்காட்சி நடந்த கட்டடத்தைத்தான் 1945-இல் அணுகுண்டு எரித்தது. இடிந்த கூரைச் சட்டத்தோடு நினைவுச்சின்னமாக இன்றும் நிற்பது அதுவே.

இது ஜப்பானியருக்கு மட்டும் வாய்த்த திறமை என்று நினைத்தால் நம்மையே குறைத்துக்கொள்கிறோம். ஜப்பானுக்குப் போன அதே போர்த்துக்கீசியர், அதே நூற்றாண்டில் தூத்துக்குடிக் கரையிலும் இறங்கினார்கள். அந்தத் தொடர்பின் வழி வந்ததாகச் சொல்லப்படும் மக்ரூனில் ஐரோப்பியர் வாதுமைப் பருப்பு போடுவார்கள், நம்மவர்கள் முந்திரி போட்டார்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி என்ற மூன்றே பொருள்களில் தூத்துக்குடி தனக்கென்று ஒரு பண்டத்தை உண்டாக்கிக்கொண்டது. இலங்கையில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் லவ் கேக்கில் ரவையும் முந்திரியும் பன்னீரும் சேர்ந்ததும் அப்படித்தான். கொங்கு நாட்டிலேயே உதாரணம் வேண்டுமென்றால், 1948-இல் கோவையில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் மைசூர்பா இருக்கிறது. கல்லாக இறுகி நின்ற ஒரு பண்டம், நெய்யின் அளவும் பக்குவமும் மாறியதும் வாயில் கரைவதாக ஆயிற்று. ஊர் அதைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை. கோவையின் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டது. மென்மையை ரசிக்கத் தெரிந்த நாக்கு இந்தப் பகுதிக்கு ஏற்கெனவே உண்டு.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு ஜப்பானிய பாணி கேக்குக்கு வேண்டியவை நல்ல முட்டை, நல்ல பால், வெண்ணெய், கிரீம், சர்க்கரை, மாவு. பெருந்துறையிலிருந்து மேற்கே விஜயமங்கலம் தாண்டிப் போனால் ஊத்துக்குளி. அந்த ஊர் வெண்ணெய்க்கு அறிமுகம் தேவையில்லை. பன்னீர், சீஸ், வெண்ணெய், தயிர் என்று நாடு முழுக்க அனுப்பும் மில்கி மிஸ்ட் நிறுவனத்தின் பெரிய ஆலை பெருந்துறையிலேயே இருக்கிறது. வடக்கே கவுந்தப்பாடி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலிருந்துதான் போகிறது. கொப்பரை ஏலத்துக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் பெருந்துறைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்குத்தான் வருகிறார்கள். நாள்தோறும் 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகும் நாமக்கல் கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். கேக்கை இன்னும் மென்மையாக்க மாவோடு சேர்க்கும் ஸ்டார்ச்சுக்கு சேலத்து மரவள்ளி இருக்கிறது. கோதுமை ஒன்றுதான் வடக்கிலிருந்து வர வேண்டும், அதுவும் மைதாவாக எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. ஜப்பானியப் பேக்கரிக்காரர் ஒருவர் இத்தனையும் இவ்வளவு அருகில் இருக்கும் ஊரைக் கண்டால் வேறு இடம் தேடமாட்டார்.

இதில் கவுந்தப்பாடிச் சர்க்கரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜப்பானின் தென்கோடியில் இருக்கும் ஒக்கினாவா தீவுகளில் எட்டுத் தீவுகள் கரும்புச் சாற்றைக் காய்ச்சி ‘கொக்குதோ’ என்ற கருப்புச் சர்க்கரை செய்கின்றன. வெள்ளைச் சர்க்கரையைவிட விலை அதிகம், மதிப்பும் அதிகம். எந்தத் தீவுச் சர்க்கரை என்று பெயர் சொல்லியே கேக்கிலும் ரொட்டியிலும் சேர்க்கிறார்கள். அந்தச் சாற்றின் மணமும் லேசான உப்புச் சாயலும் நம் நாட்டுச் சர்க்கரைக்கும் உண்டு. ஆனால் நம் பேக்கரிகள் அதைத் தொடுவதே இல்லை. அதேபோல அன்பானுக்குள் வைக்கும் அசுகிப் பயறு, நம் தட்டைப்பயறும் பாசிப்பயறும் சேர்ந்த விக்னா என்ற அதே பேரினத்தைச் சேர்ந்தது. ஒப்புட்டுக்குப் பூரணம் அரைக்கத் தெரியாத வீடு கொங்கு நாட்டில் குறைவு. ஜப்பானியர் உயர்வாக வைத்திருக்கும் கருப்பு எள்ளும் நமக்குப் புதிதல்ல. ஆக, ஒரு மென்மையான பன்னுக்குள் நாட்டுச் சர்க்கரையும் தட்டைப்பயறும் சேர்ந்த பூரணம் வைத்தால், அது 1874-இல் கிமுரா செய்த காரியத்துக்கு மாட்சா கேக்கைவிட நெருக்கமானது.

இவ்வளவு இருந்தும் இன்று பேக்கரிகளில் கிடைப்பது என்ன? பிறந்தநாள் கேக்கின் மேல் வெள்ளையாகப் பூசியிருப்பது பெரும்பாலும் பால் கிரீம் அல்ல. எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, சர்க்கரையும் மணமும் சேர்த்து அடைத்துவரும் விப்பிங் கிரீம். பன்னிலும் பப்ஸிலும் இருப்பது மார்ஜரின். ஊத்துக்குளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த எண்ணெயைக் கேக்கில் பூசிச் சாப்பிடுகிறோம் என்பது எனக்கு வருத்தமான விஷயம். இதற்குப் பேக்கரிக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. கொங்குக் கோடையில் பால் கிரீம் வெளியே கால் மணி நேரம்கூட நிற்காது, எண்ணெய்க் கிரீம் நிற்கும். விலையும் பாதியாக இருக்கிறது. வாங்குகிறவர்களும் இதுவரை வித்தியாசம் கேட்டதில்லை. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் சட்டம் தீங்கைத்தான் குறைக்கும், சுவையைக் கொண்டுவராது.

சுவை முறையிலிருந்து வருகிறது. ஜப்பானிய சீஸ்கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம் சீஸ், பால், வெண்ணெய் மூன்றையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து இளக்கி, மஞ்சள் கருவும் சலித்த மாவும் கலக்கிறார்கள். வெள்ளைக் கருவைத் தனியே சர்க்கரையோடு அடித்து, நுனி வளைந்து விழும் பதத்தில் நிறுத்துகிறார்கள். இன்னும் கொஞ்சம் அடித்தால் கெட்டுவிடும். அந்த நுரை உடையாமல் மூன்று தவணையாக மடித்துக் கலக்க வேண்டும். தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் அச்சை வைத்து, 150 டிகிரி அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கிறார்கள். வெந்தபின்னும் உடனே வெளியே எடுக்கமாட்டார்கள். அடுப்புக் கதவை லேசாகத் திறந்து வைத்துச் சூடு மெல்லத் தணிய விடுவார்கள். அவசரப்பட்டால் நடுவில் குழிந்துவிடும். இதில் பேக்கிங் பவுடர் வேண்டியதில்லை. உப்புவதெல்லாம் கையால் அடைத்த காற்று. மில்க் பிரெட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. மைதாவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கிளறி, இரவு முழுக்க வைத்துவிட்டு மறுநாள் மாவோடு சேர்த்துப் பிசைகிறார்கள். கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசைகிற அதே காரியம்தான். சூட்டில் மாவுச்சத்து வெந்து நீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் ரொட்டி இரண்டு மூன்று நாளைக்கும் வறண்டுபோகாது. எந்த ரசாயனப் பொடியும் வேண்டாம். நம் பேக்கரிகளில் மறுநாளே பொடியாக உதிரும் பன்னுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் சில நியாயமானவை. முட்டைதான் முதல் தடை. கொங்குப் பகுதியில் சைவக் குடும்பங்கள் நிறைய. அசைவம் சாப்பிடுகிறவர்களும் சஷ்டி, வெள்ளி, புரட்டாசி என்று பல நாள் முட்டையைத் தொடமாட்டார்கள். முட்டையின் நுரையையே நம்பி நிற்கும் சீஸ்கேக்கையோ ஷிஃபான் கேக்கையோ முட்டையில்லாமல் அதே தரத்தில் செய்ய முடியாது. செய்ய முடியும் என்று விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. ஆனால் பூரண பன்னுக்கும் மில்க் பிரெட்டுக்கும் முட்டை தேவையே இல்லை. பாலும் வெண்ணெயும் போதும். ஆகவே ஒரு கடை தன் பண்டங்களில் பாதியை முட்டையில்லாமலும், மற்ற பாதியை முழு நேர்மையோடு முட்டையோடும் செய்யலாம். கரண்டியும் தட்டும் தனித்தனியே இருக்க வேண்டும், அதை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கும்படியும் இருக்க வேண்டும்.

விலை அடுத்த தடை. கிரீம் சீஸும் உண்மையான கிரீமும் சேர்ந்த ஒரு துண்டு கேக், தேங்காய் பன் விலைக்கு வராது. தினக்கூலித் தொழிலாளிக்கு அது மாதத்தில் ஒருநாள் பண்டமாகத்தான் இருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விலையைக் கூட்டுவது பெரும்பாலும் இறக்குமதிப் பொருள்கள்தான். மாட்சாவுக்குத் தேயிலைச் செடியை வாரக்கணக்கில் நிழலில் வளர்த்து, கல் திரிகையில் மெல்ல அரைக்க வேண்டும். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் தருவது சுமார் 40 கிராம்தான். அத்தனை உழைப்புள்ள பொருளுக்கு அந்த விலை தகும். ஆனால் பெருந்துறையில் அதுதான் ஜப்பானிய கேக்கின் அடையாளம் என்று வைத்துக்கொண்டால், விலை எட்டாத உயரத்துக்குப் போகும், இல்லையென்றால் சாயம் கலந்த போலிப் பொடி உள்ளே வரும். நாட்டுச் சர்க்கரைப் பன் எல்லோரும் வாங்கும் விலைக்கே வரும்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் பெருகிக்கிடக்கும் ஊரில் இன்னொரு இனிப்புக்கடையை ஆதரிக்கலாமா என்று கேட்பவர்களின் கவலை எனக்கும் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. நாட்டுச் சர்க்கரை போட்டதால் கேக் மருந்தாகிவிடாது, சர்க்கரை எதுவானாலும் சர்க்கரைதான். அப்படி விளம்பரம் செய்யும் கடையை நம்ப வேண்டாம். ஆனால் ஜப்பானில் ஒரு கேக்கைப் பாராட்டுகிறவர்கள் “ரொம்ப இனிப்பாக இல்லை” என்று சொல்லிப் பாராட்டுவார்கள். துண்டும் சிறியது, இனிப்பும் மட்டு. ஒரு கிலோ கேக்கை வெட்டி முகத்தில் பூசுகிற நம் வழக்கத்துக்குப் பதிலாக, ஆளுக்கு ஒரு சின்னத் துண்டை ரசித்துச் சாப்பிடும் வழக்கம் வந்தால் உடம்புக்கும் அது குறைந்த தீங்கு.

கடைசியாக, பூரணத்தையும் நாட்டுச் சர்க்கரையையும் வைத்துவிட்டு அதற்கு ஜப்பான் பெயர் எதற்கு, அசலைக் கெடுப்பதாகாதா என்ற கேள்வி. இதற்கு விடை டோக்கியோவிலேயே ஒரு பேக்கரியில் இருக்கிறது. சோமா தம்பதியர் 1901-இல் தொடங்கிய நக்கமுராயா, 1904-இல் பிரெஞ்சு முறைக் கிரீமைப் பன்னுக்குள் அடைத்து ‘கிரீம் பன்’ உண்டாக்கியது. கூச்சமில்லாத கலப்பு அது. 1912-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய திட்டத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு தேடிய ராஷ் பிகாரி போஸ் 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தபோது, அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் அதே பேக்கரிக் குடும்பம்தான். அந்த வீட்டு மகள் தோஷிகோவையே அவர் மணந்தார். பின்னாளில் இந்திய தேசிய ராணுவத்தைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் அவரே. ஜப்பானில் அப்போது புழங்கிய கறி, ஆங்கிலேயர் வழி வந்த மாவு கரைத்த குழம்பு. அதை ஏற்காமல், எலும்போடு கோழியும் மசாலாவும் சேர்ந்த உண்மையான இந்தியக் கறியை அவர் 1927-இல் அந்தக் கடையில் அறிமுகப்படுத்தினார். இன்றும் அது அங்கே விற்கிறது. ஆக ஒரே கடை இரண்டையும் செய்தது. இன்னொரு நாட்டின் பெயரைச் சொல்லி விற்றதில் அந்த நாட்டின் முறை மாறாமல் பார்த்துக்கொண்டது. தானே கலந்து உண்டாக்கியதைத் தன் பண்டமாகவே விற்றது. பெருந்துறைக் கடைக்கும் இதே அளவுகோல் போதும். பலகையில் ஜப்பானிய சீஸ்கேக் என்று எழுதினால் உள்ளே கிரீம் சீஸும் வெண்ணெயும் முட்டை நுரையும் இருக்க வேண்டும். தட்டைப்பயறுப் பன் செய்தால் தட்டைப்பயறுப் பன் என்றே பெருமையோடு எழுதலாம்.

அத்தகைய கடைக்குப் போகிறவர்கள் சிலவற்றைக் கவனித்தால் கடைக்காரரும் கவனமாக இருப்பார். கண்ணாடிப் பெட்டி சில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். பால் கிரீம் பூசிய கேக் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதும் முக்கியம். சீஸ்கேக்கை விரலால் லேசாகத் தொட்டால் நடுங்க வேண்டும். முள்கரண்டியால் வெட்டும்போது பஞ்சுபோல் மெல்லிய ஓசை வரும். கிரீமை மட்டும் தனியே நாக்கில் வையுங்கள். பால் கிரீம் உடனே கரைந்து பால் மணம் விடும், எண்ணெய்க் கிரீம் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். முதல் முறை மேலே பழமும் சாக்லேட்டும் இல்லாத சாதாரணத் துண்டையே வாங்குங்கள். குறை இருந்தால் அதில்தான் தெரியும். கஃபே வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகும் பேக்கரியிலேயே, “அண்ணா, இது பால் கிரீமா, எண்ணெய்க் கிரீமா? ஊத்துக்குளி வெண்ணெய் போட்டு ஒரு தட்டு பன் சுட்டுத் தருவீங்களா, கூட அஞ்சு ரூபாய் ஆனாலும் பரவாயில்லை” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த வாரமே அவர் சுட்டுப் பார்ப்பார்.